கடல் தூர்த்த நிலத்தில் புதுக் குடியிருப்புகள்: பொது வசதித் திட்டமிடலில் அளவும் காலமும்

ஆய்வுச் சுருக்கம்

கடலைத் தூர்த்தோ நீரை வடித்தோ உருவாக்கப்பட்ட நிலத்தில் எழும் குடியிருப்புகளுக்குப் பள்ளி, மருத்துவ நிலையம், நூலகம், சந்தை, பூங்கா, போக்குவரத்து ஆகிய பொது வசதிகளை எவ்வாறு திட்டமிடுவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. மக்கள்தொகைக்கு ஏற்ப வசதிகளைக் கணக்கிடும் முறை உலகெங்கும் வழக்கில் உள்ளது. அம்முறை இன்றியமையாதது; எனினும் இத்தகைய நிலத்தில் அது மட்டும் போதாது. பழைய ஊரிடமிருந்து வசதிகளை இரவல் பெற இயலாமை, மக்கள் ஒரே காலத்தில் குடியேறுதல், மண்ணின் அமிழ்வு ஆகிய மூன்றும் அதற்குக் காரணங்கள். சிங்கப்பூரின் மரின் பரேட், ஹாங்காங்கின் செங் குவான் ஓ, நெதர்லாந்தின் வடித்த நிலங்கள் ஆகியவற்றை முன்வைத்து இக்கருத்து நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நிலமீட்பு, பொது வசதிகள், புதுநகர், மக்கள்தொகை அளவுகோல், குடியேற்றக் காலம், மண் அமிழ்வு.

முன்னுரை

ஒரு பழைய ஊர் வளரும்போது பள்ளிக்கூடமும் சந்தையும் மருத்துவரும் முன்னரே அங்கு இருப்பர். வளர்ச்சி மிகும்போது நெரிசல் ஏற்படும். அந்நெரிசலே புதிய வசதிக்கான கோரிக்கையாக மாறும். கடல் இருந்த இடத்தில் எழும் குடியிருப்பில் இந்த வரிசை தலைகீழாகிறது. அங்கே முதல் குடும்பம் வந்திறங்கும் நாளில் கடையும் இல்லை, நிழல்தரும் மரமும் இல்லை. எந்த வசதி முதலில் வர வேண்டும், எது பின்னர் வரலாம் என்பதை அங்கு இன்னும் வாழத் தொடங்காத மக்களுக்காக வேறு சிலர் முடிவு செய்கின்றனர். அம்முடிவு பிழைத்தால் அதன் சுமையை முதலில் குடியேறியவர்களே சுமக்கின்றனர். ஆகவே இது பொறியியல் சிக்கல் மட்டுமன்று. சமூகநீதி சார்ந்த சிக்கலுமாகும்.

1. சொல்லும் பொருளும்

இத்துறையில் 'நிலமீட்பு' என்னும் சொல் தமிழில் நிலைபெற்றுள்ளது. மீட்பு என்பது இழந்ததைத் திரும்பப் பெறுதல். ஆனால் இங்கு குறிக்கப்படும் நிலம் பெரும்பாலும் ஒருபோதும் நிலமாக இருந்ததில்லை. மேலும், இச்சொல் இரு வேறு செயல்முறைகளை ஒன்றாக்கிவிடுகிறது. மண்ணும் மணலும் கொட்டிக் கடலை மேடாக்குவது ஒன்று. கரையெழுப்பி உள்ளிருக்கும் நீரை இறைத்து அடிநிலத்தை வெளிக்கொணர்வது மற்றொன்று. கிணற்றைத் தூர்த்தல் என்னும் வழக்கையொட்டி முன்னதைத் 'தூர்த்த நிலம்' என்றும், பின்னதை 'வடித்த நிலம்' என்றும் இக்கட்டுரை வழங்குகிறது. சிங்கப்பூர், ஹாங்காங் நிலங்கள் பெரும்பாலும் முதல் வகையின; நெதர்லாந்தின் பிளெவோலாந்து இரண்டாம் வகையினது.

இவ்வேறுபாடு வசதித் திட்டமிடலுக்கு இன்றியமையாதது. தூர்த்த நிலம் பெரும்பாலும் பழைய கரையை ஒட்டி வளர்வது. அருகிலுள்ள ஊரின் வசதிகளைச் சிறிது காலம் பகிர்ந்துகொள்ள அதற்கு வாய்ப்புண்டு. பரந்த வடித்த நிலத்தின் நடுவில் அமையும் ஊருக்கோ அவ்வாய்ப்பு மிகக் குறைவு.

2. தலைக்கணக்கு அளவுகோல்

இத்தனை ஆயிரம் பேருக்கு ஒரு வசதி என்று வகுப்பதே வழக்கமான முறை. இதனைத் தெளிவாக எழுதி வைத்துள்ள ஆவணங்களுள் ஹாங்காங்கின் திட்டமிடல் தரங்களும் வழிகாட்டுதல்களும் குறிப்பிடத்தக்கவை. அவற்றின்படி நெடுங்காலமாக ஒருவருக்கு 2 சதுர மீட்டர் திறந்தவெளி, அதாவது 1,00,000 பேருக்கு 20 ஹெக்டேர் என்பது அளவு. 50,000 முதல் 65,000 பேருக்கு ஒரு விளையாட்டரங்கம், 1,00,000 பேருக்கு ஒரு பொது மருந்தகம், 2,00,000 பேருக்கு ஒரு மாவட்ட நூலகம் என அளவுகள் தொடர்கின்றன.

இவ்வளவுகோலை 60,000 பேர் வாழவிருக்கும் ஒரு தூர்த்த நிலத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். திறந்தவெளி 12 ஹெக்டேர் கிடைக்கும். விளையாட்டரங்கம் ஒன்று கிடைக்கும். மருந்தகம் 0.6, நூலகம் 0.3. பழைய நகரின் நடுவே இப்பின்னங்கள் சிக்கலாவதில்லை. அடுத்த பகுதியின் 0.7 நூலகமும் இப்பகுதியின் 0.3 நூலகமும் சேர்ந்து முழு நூலகம் ஒன்றாகிவிடும். மூன்று புறமும் நீர் சூழ்ந்த புதுக் குடியிருப்பில் அப்பின்னம் பெரும்பாலும் சுழியாகவே முடிகிறது. கணக்கில் குறை ஏதுமில்லை. ஆயினும் நூலகமும் இல்லை. எனவே தூர்த்த நிலத்தில் பின்னங்களை மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும். அல்லது சிறிய கிளை, நடமாடும் நூலகம் போன்ற குறைந்த அளவிலான வடிவங்களைத் தொடக்கத்திலேயே வகுக்க வேண்டும்.

3. தொலைவும் தாங்குதிறனும்

தலைக்கணக்குக்கு மாற்றாகத் தொலைவை அளவுகோலாகக் கொண்ட முயற்சியும் வரலாற்றில் உண்டு. 1942இல் நீர் வடிக்கப்பட்ட நெதர்லாந்தின் வடகிழக்குப் போல்டரில் எம்மெலோர்டு என்னும் ஊர் நடுவிலும், பத்துச் சிற்றூர்கள் அதைச் சுற்றி வளையமாகவும் அமைக்கப்பட்டன. பண்ணையில் வாழ்வோர் மிதிவண்டியில் எளிதாக ஊர்வந்து சேர வேண்டும் என்பதே அவ்வூர்களின் இடைத்தொலைவைத் தீர்மானித்தது. ஒவ்வோர் ஊரிலும் பள்ளியும் தேவாலயமும் கடைகளும் இடம்பெற்றன.

நோக்கம் மேன்மையானது. ஆனால் வேளாண்மை எந்திரமயமானதால் பண்ணையாட்கள் குறைந்தனர். மகிழுந்து பரவியதால் மக்கள் தொலைவிலுள்ள பெரிய கடைகளை நாடினர். சிற்றூர்கள் எதிர்பார்த்த அளவு வளரவில்லை. அவற்றின் வசதிகளைத் தாங்கப் போதிய மக்கள் இல்லை. இப்படிப்பினையால், 1957இல் வடிக்கப்பட்ட கிழக்குப் பிளெவோலாந்தில் முதலில் எண்ணியதைவிட மிகக் குறைவான ஊர்களே கட்டப்பட்டன. தொலைவு குறைந்தால் அடைவது எளிது. மக்கள் மிகுந்தால் நிலைப்பது எளிது. இவ்விரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. இவற்றுக்கிடையிலான சமநிலை போக்குவரத்து முறை மாறும்போதெல்லாம் மாறுகிறது.

4. வீடு முன், வசதி பின்

எவ்வளவு என்னும் வினாவுக்கு அளவுகோல் விடை தருகிறது. எப்போது என்னும் வினாவுக்கு அது விடை தருவதில்லை. தொடர்வண்டி வசதியை மட்டும் எடுத்துக்கொண்டு இக்கால இடைவெளியை நோக்கலாம்.

பிளெவோலாந்தின் லெலிஸ்டாட் நகரில் 1967இல் மக்கள் குடியேறினர். தொடர்வண்டி 1988இல் வந்தது. அல்மேரே நகரில் முதல் குடியேற்றம் 1976இல் நிகழ்ந்தது. தொடர்வண்டி 1987இல் வந்தது. ஹாங்காங்கின் செங் குவான் ஓவில் முதல் பொதுக் குடியிருப்பு 1988இல் நிறைந்தது. நகரத் தொடர்வண்டிப் பாதை 2002இல் திறக்கப்பட்டது. அந்நகரின் மருத்துவமனை 1999இல்தான் செயற்படத் தொடங்கியது. ஆம்ஸ்டர்டாமின் ஐபர்க் தீவுகளில் மக்கள் 2002இல் குடியேற, டிராம் வண்டி 2005இல் வந்தது. சிங்கப்பூரின் மரின் பரேட்டில் 1970களின் நடுவில் குடியிருப்பு எழுந்தது. பெருவிரைவு ரயில் நிலையம் 2024 ஜூன் மாதம் திறக்கப்பட்டது.

இவ்விடைவெளிகளை எண்ணிக்கையாக மட்டும் ஒப்பிடுவது பிழையாகும். ஏறத்தாழ அரை நூற்றாண்டு காத்திருந்த மரின் பரேட் தனித்து விடப்பட்ட ஊராக உணரப்படவில்லை. சிங்கப்பூரின் கிழக்குக் கடற்கரை நிலமீட்புத் திட்டம் 1966இல் தொடங்கி, ஏழு கட்டங்களாக ஏறத்தாழ 1,525 ஹெக்டேர் நிலத்தை உருவாக்கியது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் முழுவதும் தூர்த்த நிலத்திலேயே அமைத்த முதல் குடியிருப்பு மரின் பரேட். அது கத்தோங் என்னும் பழைய கடலோரப் பகுதியை ஒட்டியே அமைந்தது. அங்கிருந்த கடைகளும் பேருந்துத் தடங்களும் புதியவர்களுக்கும் பயன்பட்டன. 1978இல் கிளை நூலகம் வந்தது. நகர நடுவில் இருந்த தாவ் நான் பள்ளி 1982இல் இங்கு இடம்பெயர்ந்தது. புதிய பள்ளியைத் தொடங்குவதோடு, மக்கள் நகர்ந்த திசையில் பழைய நிறுவனத்தையும் நகர்த்தலாம் என்பதற்கு இது நல்ல சான்று. தொடக்கத்தில் இருந்த லெலிஸ்டாட்டுக்கு இத்தகைய அண்டை ஊர் எதுவும் இல்லை. காத்திருப்பின் கடுமையை ஆண்டுக்கணக்கு மட்டும் தீர்மானிப்பதில்லை. அருகில் இரவல் பெறுவதற்கு என்ன இருக்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

இவ்விரவலுக்கு மறுபக்கமும் உண்டு. கத்தோங்கின் பழைய வீடுகள் தம் கடல்முகத்தை இழந்தன. அதற்கு ஈடாகப் புதிய கரை தனியார் வீடுகளுக்கு விடப்படாமல், கிழக்குக் கடற்கரைப் பூங்காவாக அனைவருக்கும் பொதுவாக்கப்பட்டது. தூர்த்த நிலத்தின் மிக உயர்ந்த விலைபெறும் பகுதி அதன் கரையே. அதனைப் பொதுவில் வைப்பது விற்பனைக்கு முன் எடுக்கப்பட வேண்டிய முடிவு. பின்னர் எடுப்பது அரிது.

5. ஒரே வயதுடைய ஊர்

புதுக் குடியிருப்பில் குடியேறுவோர் பெரும்பாலும் இளங்குடும்பத்தினர். ஊரே ஒரே வயதில் தொடங்கி, ஒரே வயதில் மூப்படைகிறது. விளக்கத்துக்காக ஒரு கணக்கைக் கொள்வோம். 10,000 வீடுகள் உள்ள ஓர் ஊரில் பத்தாம் ஆண்டில் வீட்டுக்கு 0.6 என்னும் விகிதத்தில் தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் இருப்பின் தேவை 6,000 இடங்கள். இருபத்தைந்தாம் ஆண்டில் விகிதம் 0.2 ஆகக் குறையின் தேவை 2,000 இடங்கள். உச்சத் தேவைக்குக் கட்டினால் பின்னர் மூன்றில் இரண்டு பங்கு வகுப்பறைகள் வெறுமையாகும். இடைப்பட்ட 4,000க்குக் கட்டினால் உச்ச ஆண்டில் 2,000 குழந்தைகளுக்கு அருகில் பள்ளி இராது. அக்குழந்தைகளின் பள்ளிப்பருவம் மீண்டும் வராது என்பதை மறத்தலாகாது.

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, குடியேற்றத்தைப் பல ஆண்டுகளுக்குப் பரப்பி, வெவ்வேறு அளவுள்ள வீடுகளைக் கலந்து கட்டுதல். அல்மேரே ஒரே நடுவம் கொண்ட நகராக அமையாமல், ஹாவன், ஸ்டாட், பௌட்டன் எனப் பல நடுவங்களாக அடுத்தடுத்து வளர்ந்தது இவ்வழிக்கு நெருக்கமானது. இரண்டாவது, பயன் மாறக்கூடிய இடங்களை விட்டுவைத்தல். சிங்கப்பூர் அடுக்குமாடிகளின் தரைத்தளத்தில் சுவரின்றி விடப்படும் வெற்றுத்தளம் இதற்குத் தக்க சான்று. பல இடங்களில் அது குழந்தைப் பராமரிப்பு நிலையமாகவும் முதியோர் நடவடிக்கை நிலையமாகவும் மாறியுள்ளது. மூன்றாவது, நிலத்தையே ஒதுக்கி வைத்தல். சிங்கப்பூரின் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்டத்தில், பயன் இன்னும் தீர்மானிக்கப்படாத நிலம் என்று ஒரு வகைப்பாடே உண்டு.

மூன்றாம் வழியே மிகக் கடினமானது. தூர்த்த நிலத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரும் பெரும் பொருட்செலவில் உருவானது. அதனை வெறுமையாக வைத்திருப்பது வீண் என்றே கணக்கர் கருதுவர். வருங்காலப் பள்ளிக்கோ முதியோர் இல்லத்துக்கோ காத்திருக்கும் வெற்றுமனை, அந்நேரத்தில் தனக்காக வாதாட ஆளில்லாத மனையாகும்.

6. அமிழும் மண்

தூர்த்த மண் தன் எடையால் இறுகிப் பல ஆண்டுகளுக்கு அமிழும். உயர்ந்த குடியிருப்புக் கட்டடங்கள் உறுதியான அடித்தளம்வரை இறக்கப்பட்ட தூண்களின் மீது நிற்பதால் பெரிதும் அசைவதில்லை. நடைபாதை, வடிகால், குடிநீர்க் குழாய், விளையாட்டுத் திடல் ஆகியன பெரும்பாலும் மண்ணின் மீதே நேராகக் கிடப்பவை. எனவே வீடு நிலையாக இருக்க, வீட்டுக்கும் தெருவுக்கும் இடையிலான படி மட்டும் உயர்ந்துகொண்டே போகும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்த ஒரு சாண் உயரம் ஒரு தடைச்சுவர்.

செங் குவான் ஓவில் 1990களின் இறுதியில் எதிர்பார்த்ததைவிட மிகுதியான அமிழ்வு காணப்பட்டது. ஆழத்தில் தோண்டப்பட்ட கழிவுநீர்ச் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் கசிந்து, நீர்மட்டம் தாழ்ந்ததே அதற்குக் காரணமாகக் கண்டறியப்பட்டது. ஒரு பொது வசதிக்கான பணியே பிற வசதிகளின் தரையை அசைத்தது என்பது இங்கு நோக்கத்தக்கது. ஆகவே தூர்த்த நிலத்தில் வசதிகளின் கட்டுமானச் செலவோடு, அவற்றைத் தொடர்ந்து சமன்செய்யும் பராமரிப்புச் செலவும் தொடக்கத் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால், தலைக்கணக்கு அளவுகோலுடன் நான்கு வினாக்களும் இணைய வேண்டும் என்பது பெறப்படுகிறது. குடியிருப்பு எந்த அண்டை ஊரிடமிருந்து எவ்வளவு காலம் இரவல் பெறலாம்? ஒவ்வொரு வசதியும் எத்தனையாவது குடும்பம் வருவதற்குள் திறக்கப்பட வேண்டும்? முதல் தலைமுறை மூப்படையும்போது அவ்வசதி எதுவாக மாறும்? மண் அமிழும்போது அதைச் சமன்செய்வது யார் பொறுப்பு?

இவ்வினாக்கள் பழங்கதைக்கு உரியவை அல்ல. கிழக்குக் கடற்கரைக்கு அப்பால் ஏறத்தாழ 800 ஹெக்டேர் பரப்பில் 'லாங் ஐலண்டு' என்னும் புதிய நிலத்தை உருவாக்குவதற்கான தொழில்நுட்ப ஆய்வுகளைச் சிங்கப்பூர் 2023இல் அறிவித்தது. கடல்மட்ட உயர்விலிருந்து காத்தல், நீர்த்தேக்கம், வீடுகள், பூங்காக்கள் ஆகியன அதன் நோக்கங்கள். 1970களில் கடலை நோக்கி நின்ற மரின் பரேட் அப்போது உள்நிலமாகும். அன்று கத்தோங் ஆற்றிய அண்டை ஊரின் பணி அதன் கைக்கு வரும். மூப்படைந்த அக்குடியிருப்பின் நூலகமும் மருந்தகமும் 2024இல் வந்த ரயில் நிலையமும் புதியவர்களையும் தாங்க வேண்டியிருக்கும். எனவே புதிய நிலத்துக்கான வசதிக் கணக்கில், இரவல் தரப்போகும் பழைய கரையின் மக்களையும் சேர்த்து எண்ணுவதே முறையாகும்.