பெல்ட் நழுவினால் தவணையும் நழுவும்

சில ஆண்டுகளுக்கு முன்பு அசாம் மாநிலத்தின் நகாவோன் மாவட்டத்தில் உள்ள கிராமக் கிளை ஒன்றில் பணியாற்றினேன். நெல் விளையும் வட்டாரம் அது. டிராக்டர் இறங்கித் திரும்ப இடமில்லாத சிறு வயல்களே அதிகம் என்பதால், வேளாண் இயந்திரக் கடன்களில் பெரும்பகுதி பவர் டில்லருக்கே சென்றது. கடன் வழங்கிய பின் நேரில் சென்று ஆய்வு செய்வது எங்கள் கடமை. எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பேன். வங்கியின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். ‘இயந்திரம் நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதிக் கையொப்பமிட்டு வருவேன். வணிகவியல் படித்த எனக்கு அதற்கு மேல் பார்க்கத் தெரியாது.

அவ்வாறு நான் சான்று எழுதிய இயந்திரம் ஒன்று, சாலி நெல் நடவு உச்சத்தில் இருந்த ஜூலை மாதத்தில் ஐந்து நாட்கள் வயலோரம் நின்றுவிட்டது. அதன் உரிமையாளர் சொந்த நிலத்தை உழுததோடு, அண்டை வயல்களுக்கும் வாடகைக்கு ஓட்டி வந்தவர். மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும்போதே சேற்றுழவை முடித்தாக வேண்டும். வயலுக்கு உரியவர்கள் காத்திருக்கவில்லை, வேறு டில்லரை அழைத்துக்கொண்டார்கள். வாடகை வருமானத்தைக் கணக்கிட்டே கடனுக்குத் தவணை வகுத்திருந்தோம். அந்த அரையாண்டுத் தவணை வரவில்லை. எஞ்சின் பழுதாகியிருக்கும் என்று எண்ணிக்கொண்டு சென்றேன். எஞ்சின் சீராக ஓடிக்கொண்டுதான் இருந்தது. உழும் கத்திகள்தாம் சுழலவில்லை.

நகரத்திலிருந்து வந்த மெக்கானிக் பெல்ட் உறையைக் கழற்றிக் காட்டியபோது, உள்ளே கறுப்பு ரப்பர்த் தூள் படிந்திருந்தது. எஞ்சினின் ஆற்றலைக் கிளட்ச் புல்லிக்குக் கொண்டு செல்பவை மூன்று வி-பெல்ட்கள். வி-பெல்ட்டின் அடிப்பாகம் எதையும் இழுப்பதில்லை. சரிவான இரு பக்கங்களும் புல்லியின் பள்ளத்தில் ஆப்புப் போல் இறுகிப் பிடிப்பதால்தான் விசை கடத்தப்படுகிறது. பக்கங்கள் தேய்ந்தால் பெல்ட் பள்ளத்தின் அடியில் போய் அமர்ந்துவிடும், பிடிப்புப் போய்விடும். பிறகு நழுவல், நழுவலால் சூடு, சூட்டால் பக்கங்கள் கண்ணாடி போல் பளபளத்து மேலும் நழுவல். பள்ளத்தின் அடிப்பாகம் மினுமினுத்தால் பெல்ட்டோ புல்லியோ தேய்ந்துவிட்டது என்று பொருள்.

நம் வாடிக்கையாளர் அலட்சியமானவர் அல்லர். இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு பெல்ட் அறுந்தபோது உடனே புதியது வாங்கி மாட்டியிருக்கிறார். அறுந்த ஒன்றை மட்டும் மாற்றியதுதான் பிழை. பழைய பெல்ட்கள் நீண்டு தளர்ந்திருக்கும். புதியதே பெரும் சுமையையும் ஏற்கும். அதுவும் விரைவில் கெடும். மூன்றையும் ஒரே தயாரிப்பில், ஒரே அளவில், ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். சிக்கனம் என்று நினைத்துச் செய்தது ஒரு பருவத்தின் வருமானத்தைத் தின்றுவிட்டது.

இறுக்கம் பார்க்க எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, இரு புல்லிகளுக்கும் நடுவில் பெல்ட்டை அழுத்திப் பார்க்க வேண்டும். பொது விதி, புல்லிகளுக்கு இடைப்பட்ட பெல்ட்டின் ஒவ்வொரு 100 மி.மீ. நீளத்திற்கும் ஏறத்தாழ 1.6 மி.மீ. தாழலாம் என்பது; இயந்திரத்தின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே சரி. சில மாடல்களில் எஞ்சினை முன்னே நகர்த்தியும், சிலவற்றில் இறுக்கும் புல்லியை நகர்த்தியும் சரிசெய்யலாம். நழுவுகிறதே என்று அளவுக்கு மீறி இறுக்குவோரும் உண்டு. அப்போது பெல்ட்டுக்குப் பதில் பேரிங் போகும், அதன் செலவு பன்மடங்கு. புதிய பெல்ட் முதல் சில மணி நேர ஓட்டத்திலேயே சற்று நீளும் என்பதால், மாட்டிய மறுநாளே ஒருமுறை சரிபார்ப்பது அவசியம். இதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

மாட்டும்போது ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றக் கூடாது. உள்ளிருக்கும் நூலிழைகள் கண்ணுக்குத் தெரியாமல் அறுபடும். இறுக்கத்தைத் தளர்த்திவிட்டுக் கையால் ஏற்ற வேண்டும். இரு புல்லிகளும் ஒரே நேர்க்கோட்டில் உள்ளனவா என்பதை அவற்றின் முகப்பில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தாலே அறியலாம். கீச்சொலியை அடக்க கிரீஸ் தடவுவது, டீசலால் துடைப்பது இரண்டுமே ரப்பருக்கு நஞ்சு. எண்ணெய் தொடர்ந்து படிந்தால் குறை பெல்ட்டில் இல்லை, ஆயில் சீலில் இருக்கிறது. அதை மாற்றாமல் எத்தனை பெல்ட் மாற்றினாலும் பயனில்லை.

வீட்டுத் தோட்டங்களில் பயன்படும் சிறு பெட்ரோல் டில்லர்கள் பலவற்றில் தனியாகக் கிளட்ச் கிடையாது. கைப்பிடியில் உள்ள நெம்புகோலை அழுத்தினால் ஒரு சிறு புல்லி பெல்ட்டை இறுக்கும், விட்டால் தளரும். இவற்றில் கத்தி சுற்றவில்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது கேபிள் நீண்டிருக்கிறதா என்பதை. நெம்புகோலை விட்ட பிறகும் கத்தி சுற்றினால் இயந்திரத்தை உடனே நிறுத்திவிடுங்கள். அது காலுக்கு ஆபத்து. உறையைத் திறக்குமுன் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட வேண்டும். உறையின்றி எந்த டில்லரையும் ஓட்டக் கூடாது. வேட்டி, துண்டு, சேலைத் தலைப்பு எதுவும் அதில் சிக்க நொடிப்பொழுது போதும்.

பருவம் முடிந்து இயந்திரத்தை நிறுத்தும்போது சேற்றையும் வைக்கோலையும் நீக்கி, பெல்ட்டின் இறுக்கத்தைத் தளர்த்தி, வெயில் படாத இடத்தில் வைக்கலாம். காப்பீடு இருக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. தேய்மானத்தால் வரும் பழுதுக்குப் பொதுவாக இழப்பீடு கிடையாது. மாறாக, பெல்ட் தொகுதியின் விலை சில நூறு ரூபாயில் தொடங்குகிறது. கடனுக்கு விண்ணப்பிக்கும்போதே உதிரிபாகச் செலவையும் வரவு செலவுக் கணக்கில் சேர்த்துக் காட்டுங்கள். கிளை மேலாளர் அதைக் குறையாகக் கருதமாட்டார்.

அந்த வாடிக்கையாளரின் தவணை, அறுவடைக்குப் பின் வட்டியுடன் வந்து சேர்ந்தது. அடுத்த ஆய்வுக்குச் சென்றபோது அவர் வீட்டுச் சுவரில் புதிய பெல்ட்கள் மூன்று, உறை பிரிக்காமல் தொங்கின. எங்கள் ஆய்வுப் படிவத்தில் அதற்கென்று கட்டம் எதுவும் இல்லை. கீழே குறிப்புப் பகுதியில் எழுதிவிட்டு வந்தேன்.