குழந்தைக்காக வீடு மாற்றுகிறீர்களா? ரயில் நேரத்தையும் கணக்குப் பாருங்கள்!

தாராவி, சயான், மாட்டுங்கா பகுதிகளில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில், குழந்தை நடக்கத் தொடங்கியதும் ஒரு பேச்சு எழும். "டோம்பிவிலி, கல்யாண் பக்கம் போய்விடலாமா?"

நியாயமான ஆசைதான். பத்துக்குப் பத்து அறையில் அடுப்பும் கட்டிலும் தண்ணீர் டிரம்மும் போக, குழந்தை தவழ இடம் ஏது? வாசலைத் தாண்டினால் சந்து. சந்தைத் தாண்டினால் லாரி. அதே வாடகைக்குத் தனிக் கழிப்பறையும், விளையாடக் கொஞ்சம் இடமும் கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

ஆனால், வாடகையோடு இன்னொரு கணக்கும் உண்டு.

மாதம் 50 மணி

வி.டி. என்று நாம் இன்றும் சொல்லும் மும்பை சி.எஸ்.எம்.டி.யில் இருந்து சயான் சுமார் 13 கிலோமீட்டர். டோம்பிவிலி 48, கல்யாண் 54. பாஸ் கவுண்டருக்கு வருவோர் கட்டணத்தைக் கேட்கிறார்கள், நேரத்தைக் கேட்பதில்லை.

போக ஒரு மணி, வர ஒரு மணி கூடுதலானால், 25 வேலை நாளில் 50 மணி நேரம் போயிற்று! ஆறு மணிக்கு ஆபீஸ் விட்டு எட்டரைக்கு வீடு வரும் தகப்பனார், தூங்கும் பிள்ளையின் முகத்தைத்தான் பார்ப்பார்.

எனவே ஸ்டேஷனைப் பார்த்து வீடு தேடுங்கள். டோம்பிவிலியில் ஃபாஸ்ட் லோக்கல் நிற்கும். பக்கத்தில் உள்ள கோபர், தாக்குர்லியில் ஸ்லோ வண்டியை நம்பித்தான் இருக்க வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு, ஒரு திங்கட்கிழமை காலை அங்கிருந்து வேலைக்குப் போய்ப் பாருங்கள். கூட்டம் எப்படி என்பது தெரியும். 2025 ஜூன் 9 அன்று மும்பிரா அருகே ஓடும் ரயில்களில் இருந்து விழுந்து பயணிகள் இறந்ததை மறக்கலாகாது. ஒரு வண்டி போனால் போகட்டும், படியில் தொங்காதீர்கள்.

மழையில் பாருங்கள்

கோடையில் எல்லா வீடும் நல்ல வீடுதான். 2019 ஜூலையில் பத்லாப்பூர் - வாங்கணி இடையே வெள்ளத்தில் மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் சிக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளைப் படகுகளில் மீட்டார்கள். உல்லாஸ் ஆற்றை ஒட்டிய வீடு என்றால், மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை வரும் என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

பள்ளியும் தமிழும்

மும்பை மாநகராட்சி தமிழ் வழிப் பள்ளிகளும் நடத்துகிறது. கல்யாண் - டோம்பிவிலி வேறு மாநகராட்சி. அந்தப் பள்ளிகள் அங்கே கூட வராது. எழுத்தை வீட்டில் கற்றுக் கொடுக்கலாம். தினம் அரை மணி போதும். அதற்கும் தாயோ தகப்பனோ விழித்திருக்கும் பிள்ளையோடு உட்கார வேண்டுமே!

மராட்டியத்தில் பள்ளிகள் ஜூன் நடுவில் திறக்கும். மே மாதத்துக்குள் குடிபோவது நல்லது. 11 மாத வாடகை ஒப்பந்தமானாலும் எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். முகவரிச் சான்றுக்கும் அது உதவும்.

ஞாயிறன்று பிள்ளையை மாட்டுங்காவுக்கு அழைத்து வாருங்கள். ஐந்து வயதுக்குள் டிக்கெட் கிடையாது. பிறகு 12 வயது வரை அரை டிக்கெட்.

போகலாமா, கூடாதா? பெரிய வீடு வேண்டும்தான். அந்த வீட்டில் பிள்ளையோடு இருக்க எத்தனை மணி மிஞ்சும் என்பதையும் எழுதிப் பார்த்து, வீட்டம்மாவையும் கலந்து முடிவு செய்யுங்கள்.