மாடிக்குக் கைப்பிடிச் சுவர் உண்டா?



இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில் நாம் அதிகம் கவனிக்காத ஒரு சிறு சட்டம் உள்ளது. புது வீடு கட்டுகிறவர் அதன் மேல்தளத்திற்குக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டு, யாராவது அங்கிருந்து தவறி விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின் மேல் வரும் என்கிறது அது (இச 22:8). பறவைக் கூட்டையும் திராட்சைத் தோட்டத்தையும் பற்றிய சட்டங்களுக்கு நடுவே இது இருக்கிறது. ஞாயிறு வாசகங்களில் வருவதில்லை என்பதால் மறையுரையிலும் நாம் இதைக் கேட்பதில்லை.

இந்தச் சட்டம் வீட்டைக் கட்டி முடித்துவிட்டு, பிறகு விபத்துத் தடுப்புக்கென்று தனியாக ஒரு நிதி திரட்டச் சொல்லவில்லை. கைப்பிடிச் சுவரும் சேர்ந்ததுதான் வீடு என்கிறது. இன்று வளர்ச்சிப் பணியாளர்கள் 'பேரிடர் அபாயக் குறைப்பு' என்று பேசுவதன் உள்ளடக்கமும் ஏறக்குறைய இதுதான். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை நேர்ந்து சில வாரங்களில், 2005 ஜனவரியில், ஜப்பானின் கோபே நகரில் உலக நாடுகள் கூடி ஹியோகோ செயல்திட்டத்தை ஏற்றன. அதே ஆண்டில் நம் நாட்டில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2015இல் செண்டாய் நகரில் 2030 வரைக்குமான அடுத்த திட்டம் ஏற்கப்பட்டது. பேரிடர் வந்தபின் ஓடுவது மட்டும் போதாது, பள்ளி, வீடு, கிணறு, கடன் என எல்லா வளர்ச்சிப் பணிக்குள்ளும் பாதுகாப்பு முதலிலேயே சேர்ந்திருக்க வேண்டும் என்பதில் இவை எல்லாம் ஒன்றுபடுகின்றன.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். இடர் வேறு, பேரிடர் வேறு. கடலில் எழும் புயல் ஓர் இடர். ஆளில்லாத் தீவில் அது கரையைக் கடந்தால் யாருக்கும் அழிவில்லை. தாழ்வான நிலத்தில், கீற்றுக் கூரையின் கீழ், எச்சரிக்கை எட்டாமல் வாழும் மக்கள் மேல் மோதும்போதுதான் அது பேரிடர் ஆகிறது. புயலை நாம் நிறுத்த முடியாது. ஆனால் அந்தத் தாழ்வான நிலமும் கீற்றுக் கூரையும் எட்டாத எச்சரிக்கையும் மனிதர் கையில் இருப்பவை. இன்னும் கசப்பான உண்மை, சில நேரங்களில் வளர்ச்சிப் பணியே அவற்றை உண்டாக்குகிறது.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 94 குழந்தைகள் தீயில் கருகி இறந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. மதிய உணவு சமைக்கும் இடத்தில் பிடித்த தீ, வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்பு, பசித்த பிள்ளைகளுக்குச் சோறு. இரண்டுமே நல்ல நோக்கங்கள். அடுப்புக்கும் கூரைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்த பிறகு, அலை நம் கரையைத் தொட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் நம் ஊர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தனர். ஆனால் புதுச்சேரிக்கு அருகில் நல்லவாடு என்ற மீனவர் ஊரில் நடந்தது வேறு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அந்தப் பகுதியில் கிராமத் தகவல் மையங்களை அமைத்து வந்தது. பேரிடரை மனத்தில் வைத்து அமைத்தவை அல்ல அவை. அலை உயரம், வானிலை, அரசுத் திட்டங்கள் போன்ற அன்றாடத் தேவைகளுக்கானவை. அன்று காலை சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் அலை பற்றிய செய்தி அறிந்து ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் மையத்தின் பூட்டை உடைத்து, ஒலிபெருக்கியில் அறிவித்து, எல்லாரையும் வெளியேற்றினார்கள். வீடுகளும் படகுகளும் அழிந்தன. 3,500க்கும் மேற்பட்ட மக்களில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அங்கு தனியாக ஒரு பேரிடர்த் திட்டம் இருக்கவில்லை. நாள்தோறும் பயன்படும் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. அதன் குரலை நம்பிப் பழகிய மக்கள் இருந்தார்கள்.

ஆழிப்பேரலைக்குப் பின் நடந்த உதவிப் பணிகளில் நேர் எதிரானதையும் பார்த்தோம். அவசரம் அவசரமாகத் தாழ்வான இடங்களில் தார் அட்டைக் கூரையுடன் தற்காலிக வீடுகள் போட்டார்கள். வெயிலில் உள்ளே உட்கார முடியாது. 2005 மழைக்காலத்தில் பல இடங்களில் அவற்றுக்குள் தண்ணீர் புகுந்தது. அலையிலிருந்து தப்பியவர்கள் மழைக்கு மாட்டிக்கொண்டார்கள். பணமும் நல்ல மனமும் குறைவில்லை. ஐப்பசி மழையில் இங்கே தண்ணீர் எங்குவரை நிற்கும் என்று அந்த ஊர்ப் பாட்டிமார்களைக் கேட்டிருந்தால் போதும்.

இந்த விஷயத்தில் நமக்குப் பாடம் சொல்லத் தகுந்த நாடு வங்கதேசம். 1970 நவம்பர் 12 அன்று போலா புயலில் அங்கே 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இன்று காரித்தாஸ் வங்கதேசம் என்று அழைக்கப்படும் திருஅவையின் அமைப்பு, அந்தப் பேரழிவுக்குப் பின் மறுசீரமைக்கப்பட்டு வளர்ந்ததுதான். 1972இல் புயல் ஆயத்தத் திட்டம் அங்கே தொடங்கியது. கையில் ஒலிபெருக்கியும் கொடியுமாக வீடு வீடாகச் செல்லும் தன்னார்வலர்களே அதன் உயிர்நாடி. 1991 புயலில் சுமார் 1,38,000 பேர் இறந்தனர். 2007 சிதர் புயலில் அது சுமார் 3,400. 2020 அம்பன் புயலுக்கு முன் 20 லட்சம் பேருக்கு மேல் பாதுகாப்பான இடங்களுக்குப் போனார்கள். இறந்தோர் சில பத்துப் பேர். புயலுக்குப் புயல் வேகமும் இடமும் வேறுபடும், அதனால் எல்லாப் பெருமையையும் திட்டத்திற்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் இவ்வளவு பெரிய மாற்றம் தானாக வரவில்லை.

அங்குள்ள புயல் காப்பகங்கள் எப்படிக் கட்டப்பட்டன என்பது கவனிக்கத்தக்கது. பெரும்பாலானவை பள்ளிக்கூடங்கள். கீழ்த்தளம் தூண்களோடு திறந்திருக்கும், வெள்ளம் அதன் ஊடாகப் போய்விடும். மேல்தளத்தில் வகுப்பறைகள். தினமும் பிள்ளைகள் படிப்பதால் கதவு திறக்கிறது, கூரை பழுது பார்க்கப்படுகிறது, வழி ஊரில் எல்லாருக்கும் தெரிகிறது. புயலுக்கு மட்டும் என்று கட்டிப் பூட்டி வைத்தால் பத்து ஆண்டில் அது வௌவால் குடியிருக்கும் கட்டடம். (நம் கடற்கரையிலும் பல்நோக்குப் பேரிடர் மையங்கள் உள்ளன. பங்கு மக்கள் ஒருமுறையாவது உள்ளே போய்ப் பார்த்து வருவது நல்லது.)

கட்டடம் மட்டும் போதவில்லை என்பதையும் 1991 காட்டியது. அந்தப் புயலில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்தார்கள். கணவர் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தவர்கள், அந்நிய ஆண்கள் நிறைந்த கூடத்தில் இரவைக் கழிக்கத் தயங்கியவர்கள், ஆடுமாடுகளை விட்டுவிட்டு வர மனமில்லாதவர்கள் பலர். அதன் பிறகு வந்த காப்பகங்களில் பெண்களுக்குத் தனி அறையும் கழிப்பறையும் அமைத்தார்கள். கால்நடைகளுக்கு மேடான இடம் ஒதுக்கினார்கள். பெண்கள் தன்னார்வலர்களாகப் பயிற்சி பெற்றார்கள். மாட்டுக்கு இடம் கொடுத்தால்தான் அதன் உடைமைக்காரி வருவாள் என்பது அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்தால் தோன்றாது.

நம் குமரிக் கடற்கரைக்கு வருவோம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வீசியபோது, ஆழ்கடல் மீனவர் பலர் அது உருவாகும் முன்பே பல நாள் பயணமாகப் புறப்பட்டிருந்தார்கள். கரையில் அறிவித்த எச்சரிக்கை அவர்களுக்கு எட்ட வழியே இல்லை. பெரிய படகு, வலுவான இயந்திரம், தூரத்து மீன்வளம் எல்லாம் ஆண்டுக்கணக்கில் வளர்ந்தன. அவர்களோடு கூடவே செல்லும் செய்தி மட்டும் வளரவில்லை. 2019 அக்டோபரில் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை பெறும் ஜெமினி கருவி அறிமுகமானது. கரையிலிருந்து செய்தி போகும், படகிலிருந்து பதில் வராது என்ற குறை அதில் இருந்தது. என்றாலும் அது ஒக்கிக்கு முன்பே வந்திருக்க வேண்டிய ஒன்று.

இனி நம் பங்குகளுக்குள் வருவோம். மகளிர் சுய உதவிக் குழு ஆடு வாங்கக் கடன் கொடுக்கிறது. வெள்ளம் வந்தால் ஆடுகளை எங்கே கட்டுவது, ஆடு செத்தால் கடனை யார் அடைப்பது, காப்பீடு உண்டா என்று கடன் கொடுக்கும் அன்றே பேச வேண்டும். அடிகுழாய் போடுகிறோம் என்றால் அதன் மேடை கடந்த வெள்ளம் நின்ற மட்டத்திற்கு மேலே இருக்க வேண்டும். இல்லையேல் தண்ணீர் சூழ்ந்திருக்கும்போது குடிக்கத் தண்ணீர் இராது. 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சை, நாகை, புதுக்கோட்டைப் பகுதிகளில் தென்னைகளைச் சாய்த்தபோது, தென்னையை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்கள் என்ன ஆயின என்று தெரியும். புதுக் கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகளாவது ஆகும். அங்கே கன்று கொடுக்கும் எந்த அமைப்பும் ஊடுபயிரைப் பற்றியும் சேர்த்துப் பேசுவதே முறை. வீடு கட்டித் தருவோர் ஒரு மரத்தை வெட்டுமுன் அது எந்தப் பக்கத்துக் காற்றைத் தடுக்கிறது என்று கேட்கட்டும்.

இவற்றுக்குத் தனி நிதி பெரிதாகத் தேவையில்லை. ஆனால் நன்கொடையாளர்களிடம் இதை விளக்குவது எளிதல்ல. நிவாரணப் பொட்டலம் கொடுப்பது புகைப்படத்தில் விழும். தூர் வாரிய வாய்க்கால் விழாது. வராமற்போன சேதத்தைப் படம் எடுக்கவும் முடியாது. அதனால் நம் சமூகப் பணி மையங்களும் வெள்ளத்திற்குப் பின் பரபரப்பாகவும், அதற்கு முன் அமைதியாகவும் இருந்துவிடுகின்றன.

"எல்லாம் கடவுள் விட்ட வழி, சாமி" என்று சொல்லும் நல்லவர்களும் உண்டு. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைப் பற்றி இயேசு பேசியதை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும் (லூக் 13:4). இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. கைப்பிடிச் சுவர் கேட்ட அதே கடவுளின் பெயரால் நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. ஆகவே செப்டம்பர் மாதப் பங்குப் பேரவைக் கூட்டத்தில் இதற்கு அரைமணி நேரம் ஒதுக்கலாம். நல்லவாட்டில் பூட்டை உடைக்க வேண்டியிருந்தது. நம் சமூகக் கூடத்தின் சாவி இரவு 2 மணிக்கு யாரிடம் இருக்கும்? மின்சாரம் நின்றுவிட்டால் ஆலய ஒலிபெருக்கி இயங்குமா? தனியாக இருக்கும் முதியோர், கருவுற்றிருக்கும் பெண்கள், நடக்க இயலாதோர் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள், அவர்களை யார் அழைத்து வருவார்கள்? ஒவ்வோர் அன்பியமும் தன் தெருவுக்கான பட்டியலை எழுதி, ஒரு படியைப் பங்கு அலுவலகத்திலும் ஒரு படியைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் கொடுத்து வைக்கலாம்.