மரப் புல்லாங்குழலில் நேரான துளை: வீட்டு லேத்தில் போட முடியுமா?

மூங்கில் குழலுக்கு உள்துளையை இயற்கையே கொடுத்துவிடுகிறது. அயர்லாந்து நாட்டுப்புற இசையில் ஒலிக்கும் மரப் புல்லாங்குழல் அப்படி இல்லை. திடமான கட்டையைத்தான் துளைக்கணும். தலைப்பகுதியில் துளையின் விட்டம் சுமார் 19 மி.மீ. குழலைப் பல துண்டுகளாகச் செய்து இணைப்பதால், வீட்டு லேத்திலேயே இது சாத்தியம்தான்.

சிக்கல் எங்கே?

நீளமான டிரில் பிட் உள்ளே போகப் போக, மரத்தின் நார் ஓடும் பக்கம் விலகும். மறுமுனையில் ஓரமாக வெளியே வந்தால், பல மாதம் உலர வைத்த கட்டை வீண்!

என்ன செய்யணும்?

* கட்டைதான் சுழலணும். பிட் சுழலாமல் நிற்கணும். விலகல் குறையும்.

* கொஞ்சம் துளைத்ததும் பிட்டை வெளியே இழுத்து, தூளை அகற்றணும். இல்லாவிட்டால் சூடேறி மரம் வெடிக்கலாம்.

* முதலில் சிறிய துளை. சில வாரம் ஆறப்போட்ட பிறகு, ரீமரால் சரியான அளவுக்கு விரிக்கணும்.

முக்கியமான சூட்சுமம்

வெளிப்பக்கத்தை முதலில் கடையாதீங்க. துளை போட்டு, அதன் இரு முனைகளையும் மையமாகப் பிடித்துக் கடையுங்க. துளை லேசாக விலகியிருந்தாலும், சுற்றிலும் கனம் சீராக வந்துவிடும்.

கவனம்!

ரோஸ்வுட் போன்ற மரங்களின் தூள் அலர்ஜி தரலாம். முகக்கவசம், கண்ணாடி கட்டாயம். கையுறை மட்டும் வேண்டாம். சுழலும் லேத்தில் சிக்கினால் கையையே இழுத்துவிடும்.