இணையவழிப் பாடங்கள் யாருக்குச் சொந்தம்? ஆசிரியருக்கா, பல்கலைக்கழகத்துக்கா? சட்டம் சொல்வது என்ன?

கல்லாறு (திருவனந்தபுரம்): பொன்முடி மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் கல்லாற்றுக்கு அருகே, விதுராவில் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இயங்கி வருகிறது. சற்றுத் தொலைவில் வலியமலையில் இந்திய விண்வெளி அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் உள்ளது. இத்தகைய மத்திய நிறுவனங்களின் பேராசிரியராயினும், மாநிலப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரி ஒன்றின் கௌரவ விரிவுரையாளராயினும், கேமரா முன் நின்று பாடம் நடத்தினால் எழும் கேள்வி ஒன்றே. அந்தப் பாடம் யாருக்குச் சொந்தம்?

இந்தியாவில் இணையவழி உயர்கல்வி புதிதன்று. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து நடத்தும் என்பிடெல் திட்டம் 2003-இல் தொடங்கியது. மத்திய அரசின் 'ஸ்வயம்' தளம் 2017 ஜூலை 9 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் பயில பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிமுறைகள் இடமளிக்கின்றன. முன்பு வகுப்பறையோடு முடிந்த விரிவுரை, இன்று ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பக்கூடிய சொத்தாகிவிட்டது.

இதன் விளைவைக் கனடாவின் கான்கார்டியா பல்கலைக்கழகத்தில் 2021-ஆம் ஆண்டு வெளிச்சத்துக்கு வந்த நிகழ்வு உணர்த்தியது. கலை வரலாறு பயின்ற மாணவர் ஒருவர், தமக்குக் காணொலியில் பாடம் நடத்தும் பேராசிரியரைத் தொடர்புகொள்ள இணையத்தில் தேடினார். பேராசிரியர் பிரான்சுவா மார்க் கான்யோன் 2019-ஆம் ஆண்டே காலமாகிவிட்டார் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிய வந்தது. ஆசிரியர் மறைந்த பின்னும் அவரது விரிவுரைகள் பாடத்திட்டத்தில் தொடர்ந்தன.

இந்தியாவில் இதற்கான விடை 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில், குறிப்பாக 17-ஆவது பிரிவில் உள்ளது. பொதுவிதிப்படி ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதை இயற்றியவரே. ஆனால், பணி ஒப்பந்தத்தின் கீழ் வேலையின் ஒரு பகுதியாக உருவாக்கப்பட்டது என்றால், மாறான உடன்பாடு இல்லாத நிலையில், உரிமை வேலை அளித்தவரைச் சேரும். இதே பிரிவின் இன்னொரு உட்பிரிவு பலரது கவனத்துக்கு வருவதில்லை. பொதுத்துறை அமைப்பின் வழிகாட்டுதலிலோ கட்டுப்பாட்டிலோ உருவாகும் படைப்புகளுக்கு, மாறான உடன்பாடு இல்லையெனில், அந்த அமைப்பே முதல் உரிமையாளர் என்கிறது அது. மத்திய, மாநிலச் சட்டங்களால் நிறுவப்பட்ட அமைப்புகளையும் 'பொதுத்துறை அமைப்பு' என்று சட்டம் விளக்குவதால், சட்டமன்றச் சட்டத்தால் உருவான பல்கலைக்கழகங்கள் இதைத் துணைக்கு அழைக்க முடியும்.

அப்படியானால் ஆசிரியருக்கு எதுவும் மிஞ்சாதா? அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆசிரியரின் பணி பாடம் நடத்துவது. அவர் தயாரிக்கும் குறிப்புகளும் அப்பணியின் பகுதிதானா என்பது வேறு கேள்வி. விரிவுரை நிகழ்த்தப் பணியமர்த்தப்பட்டவரின் உரைகளுக்கு அவரே உரிமையாளர் என்ற கருத்தை 1952-ஆம் ஆண்டு வழக்கொன்றில் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதிகள் வெளியிட்டனர். ஆனால் அந்நாளில் விரிவுரையைப் பதிவு செய்து விநியோகிப்பது ஆசிரியர் வேலையின் பகுதியாக இருக்கவில்லை. இன்று பணி ஆணையிலேயே காணொலித் தயாரிப்பு இடம்பெற்றால் அந்த வாதம் வலுவிழக்கும்.

பணியாளரின் படைப்புரிமை குறித்துக் கேரளத்திலேயே புகழ்பெற்ற ஒரு வழக்கு உண்டு. 'போபனும் மோளியும்' கார்ட்டூன் தொடரை வரைந்த டாம்ஸ் எனப்படும் வி.டி.தாமஸ், மலையாள மனோரமா நிறுவனத்திலிருந்து விலகிய பின் அந்தக் கதாபாத்திரங்களைத் தொடர்ந்து வரையலாமா என்ற பிரச்சினை 1980-களின் இறுதியில் கேரள உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. பணியில் சேரும் முன்பே அவர் உருவாக்கிய பாத்திரங்கள் அவை. பணிக்காலத்தில் வரைந்த படங்கள் மீது நிறுவனத்துக்கு உரிமை இருக்கலாம், பணி முடிந்த பின் அவர் வரைபவற்றின் மீது இல்லை என்று நீதிமன்றம் கருதியது. வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறும் ஆசிரியர், அதே பாடத்தைப் புதிதாக எழுதி நடத்துவதைப் பழைய நிறுவனம் தடுக்க முடியுமா என்ற கேள்விக்கும் இத்தீர்ப்பு வெளிச்சம் தருகிறது.

காணொலிப் பாடத்தில் சிக்கல் இன்னும் கூடுகிறது, ஏனெனில் அது ஒரே படைப்பன்று. குறிப்பு இலக்கியப் படைப்பு. பதிவு செய்யப்பட்ட காட்சி, சட்டத்தின் பார்வையில் திரைப்பட வகையைச் சேர்ந்தது. அதன் ஆசிரியர், பதிவுக்கு முன்முயற்சியும் பொறுப்பும் ஏற்ற தயாரிப்பாளர், அதாவது பெரும்பாலும் பல்கலைக்கழகம். விரிவுரை நிகழ்த்தியவரோ, நடிகர், இசைக்கலைஞர், ஏன் பாம்பாட்டியோடும் சேர்த்து, 'நிகழ்த்துநர்' என்ற பட்டியலில் இடம்பெறுகிறார். எழுத்துபூர்வ ஒப்புதல் அளித்த பின் பதிவைப் பயன்படுத்துவதை அவர் தடுக்க முடியாது. ஆயினும் வணிக நோக்கில் பயன்படுத்தப்பட்டால் உரிமத்தொகை கோர 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்துள்ளது.

உரிமை முழுவதும் கைமாறினாலும் சட்டத்தின் 57-ஆவது பிரிவு ஆசிரியரிடமே தங்கும். தம்மைப் படைப்பாளியாக அடையாளப்படுத்தக் கோரவும், தமது நற்பெயருக்குக் கேடு தரும் வகையில் படைப்பு சிதைக்கப்பட்டால் எதிர்க்கவும் அப்பிரிவு உதவுகிறது. அவர் மறைந்த பின் சட்டபூர்வ வாரிசுகளும் இதைக் கோரலாம்.

அதிகம் பாதிக்கப்படக்கூடியவர்கள் மணிக்கணக்கில் ஊதியம் பெறும் கௌரவ விரிவுரையாளர்களே. இவர்களில் பலர் நிரந்தரப் பணியாளர்கள் அல்லர் என்பதால், குறிப்புகளின் உரிமை இயல்பாக இவர்களிடமே இருக்க வாய்ப்புண்டு. ஆனால் பதிவுக்கு முன் நீட்டப்படும் ஒரு தாள் அதை மாற்றிவிடலாம். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், அதில் படைப்பு, காலம், பரப்பு, தொகை ஆகியவை குறிப்பிடப்பட வேண்டும் என்கிறது 19-ஆவது பிரிவு. காலம் குறிக்கப்படாவிட்டால் மாற்றம் 5 ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். பரப்பு குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். அத்தகைய தாளில் கையெழுத்திட்டவரின் குறிப்புகளை ஆறாம் ஆண்டிலும் வழங்க விரும்பும் பல்கலைக்கழகம், அவரிடம் மீண்டும் ஒப்புதல் பெற வேண்டியிருக்கும்.