குப்பைக்கு இடம் தேடிய கவுண்டி

ஜனத்தொகை ஏறக்குறைய ஒரு கோடியாகிய லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில், விட்டியர் நகருக்கருகே, ரோஸ் ஹில்ஸ் மயானத்தை அடுத்து நிற்கும் குன்றின் புல்லும் புதரும் போர்த்த சரிவுகளைக் காண்கிறவர்கள் அதை இயற்கையின் சிருஷ்டி என்றே எண்ணுவார்கள். ஆயினும் அது, 1957 முதல் 2013 வரை அந்தப் பிரதேசத்து ஜனங்கள் வேண்டாமென்று தள்ளியதெல்லாம் பள்ளத்தாக்கை நிரப்பி, அதற்கு மேலும் எழும்பி நின்றதால் உண்டானது. புவென்டே ஹில்ஸ் என்னும் அவ்விடத்தில் சுமார் 13 கோடி டன் குப்பை அடங்கியிருக்கிறது. அமெரிக்காவிலேயே மிகப் பெரிய குப்பைக் கிடங்கு என்ற கீர்த்தி, அதைக் கீர்த்தி என்று சொல்லலாமானால், வெகுகாலம் அதற்கு இருந்தது.

ஒரு கிடங்கின் கொள்ளளவை ஏக்கர்க் கணக்கால் அறிந்துவிடலாம் என்று சாமான்யர் நினைப்பது இயல்பே. ஆனால் எடைமேடையில் ஏறி இறங்கிய லாரி சரக்கைக் கொட்டியதும், இரும்புப் பற்கள் பதித்த சக்கரங்களுள்ள பெரும் யந்திரம் அதன்மீது முன்னும் பின்னும் உருண்டு, மெத்தையும் நாற்காலியும் அட்டைப்பெட்டியும் இன்னது இன்னதென்று தெரியாமற்போகும்வரை மிதிக்கிறதே, அந்த மிதியில்தான் கிடங்கின் ஆயுள் இருக்கிறது. நன்றாக அழுத்தினால் வருஷங்கள் கூடும், அசட்டையாக விட்டால் குறையும். பொழுது சாய்வதற்குள் அன்றைய குப்பையை ஆறு அங்குல மண்ணால் மூடவேண்டும் என்பது விதி. ஈயையும் எலியையும் நாற்றத்தையும் தடுக்கும் அந்த மண்ணே, குப்பைக்கு வேண்டிய இடத்தில் ஒரு பங்கைத் தின்றும் விடுகிறது.

விஸ்தரிப்பு என்பது பக்கத்தில் இன்னொரு குழி வெட்டுவதன்று. 1991-இல் வெளியான அமெரிக்க மத்திய அரசின் விதிகளின்படி, புதிய பகுதியின் அடியில் இரண்டடி கனத்துக்கு இறுக்கிய களிமண்ணும், அதன்மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்பும், குப்பையிலிருந்து ஊறி வடியும் நச்சுநீரைச் சேகரிக்கும் குழாய்களும் இருக்கவேண்டும். மக்கும்போது பிறக்கும் மீதேன் வாயுவைக் கண்காணித்து அடக்கவும் வேண்டும். புவென்டே ஹில்ஸில் அவ்வாயுவைப் பிடித்து மின்சாரம் உண்டாக்கினார்கள். கிடங்கை மூடிய பிறகும் முப்பது வருஷம் அதைப் பராமரிக்கும் பொறுப்பு நீங்குவதில்லை.

இத்தனைக்கும் மேற்பட்டது அனுமதி. நாளொன்றுக்கு 13,200 டன்னுக்கு மேல் ஏற்கலாகாதென்ற வரம்பு நண்பகலிலேயே எட்டப்பட்டு, வாயில் சாத்தப்பட்ட நாட்கள் அங்கே உண்டு. இறுதியில் அனுமதிப்பத்திரம் குறித்த காலக்கெடு தீர்ந்தபடியால், 2013 அக்டோபர் 31-இல் அக்கிடங்கு மூடப்பட்டது.

அந்த நாள் வரும் என்பதை நிர்வாகிகள் முன்பே அறிந்திருந்தார்கள். ஒவ்வொரு கவுண்டியும் பதினைந்து வருஷத்துக்குப் போதுமான கொள்ளளவைக் கணக்கிட்டுக் காட்டவேண்டும் என்றும், 2000-க்குள் குப்பையில் பாதியைக் கிடங்குக்குப் போகாமல் திருப்பவேண்டும் என்றும் 1989-இல் கலிபோர்னியா சட்டம் செய்திருந்தது. ஆகவே, சுமார் இருநூறு மைல் தொலைவில், இம்பீரியல் கவுண்டியின் பாலைவனத்தில், மெஸ்கீட் என்ற இடத்தில் 60 கோடி டன் கொள்ளும், ஒரு நூற்றாண்டுக்குப் போதுமான கிடங்கை வாங்கி, குப்பையை ரயிலில் அனுப்ப ஏற்பாடும் செய்தார்கள். தன் வாசலில் இடமில்லாத ஊர் அயலாரின் மணலைத் தேடிப்போவதில் நியாயம் எவ்வளவு என்பது வேறு விஷயம். அதற்குள் 2008-இன் பொருளாதார வீழ்ச்சி வந்தது. கட்டிட வேலைகள் நின்று, வாங்குவோர் குறைந்து, குப்பையும் குறைந்தது. அண்டைக் கிடங்குகளிலேயே மலிவாக இடம் கிடைத்தமையால், புவென்டே ஹில்ஸ் மூடப்பட்டபோது அந்த ரயிலைக் கேட்பாரில்லை. திட்டமிட்டவர்களை நான் பரிகசிக்கவில்லை. இருபது வருஷத்துக்குப் பின் ஒரு ஊர் எவ்வளவு கழிக்கும் என்பதை யாரால் அறுதியிட்டுச் சொல்ல முடியும்?

இதற்கு நேர்மாறான விபத்தும் அதே கவுண்டியில் நேர்ந்தது. அதன் வடபகுதியிலுள்ள சிக்கிட்டா கான்யன் கிடங்கை விஸ்தரிக்க, பக்கத்து வால் வெர்டே கிராமத்தார் ஆட்சேபித்தும், 2017-இல் கவுண்டி மேற்பார்வையாளர்கள் அனுமதி கொடுத்தார்கள். பல வருஷங்களுக்கான இடம் காகிதத்தில் சேர்ந்தது. 2022-இல் புதைந்த குப்பையின் ஆழத்தில் ரசாயன மாறுதலால் கடும் வெப்பம் கிளம்பிப் பரவியது. நாற்றத்தால் அக்கம்பக்கத்தார் பட்ட அவஸ்தை வழக்குகளாக முடிந்தது. 2025-ஆம் வருஷத்தின் முதல் நாள் தொட்டு அங்கே குப்பை ஏற்பதில்லை. அங்கு போகவேண்டியிருந்த குப்பை இப்போது மற்றக் கிடங்குகளின் ஆயுளைக் குறைத்துவருகிறது.