மழலையின் மேனிக்கு ஏற்றது எது?

குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டி, பவுடர் பூசி, கண்ணுக்கு மை தீட்டி அழகு பார்ப்பது நம் வீடுகளில் வழிவழியாக வந்த வழக்கம். தம்பி தங்கையரைத் தூக்கி வளர்க்கும் நமக்கும் இதில் பங்குண்டு. ஆனால் பூசும் பொருளில் என்ன கலந்திருக்கிறது என்று நாம் எண்ணிப் பார்க்கிறோமா?

தோல் என்பது உடலைப் போர்த்தியிருக்கும் வெறும் உறையன்று. அதன்மேல் படும் பொருள்களுள் சில உள்ளே ஊடுருவி இரத்தத்தில் கலந்துவிடுகின்றன. குழந்தையின் தோலோ நம் தோலைவிட மெல்லியது. உடல் எடையோடு ஒப்பிட்டால் அதன் பரப்பும் மிகுதி. ஆகவே, நமக்குத் தீங்கு செய்யாத அளவுகூடப் பச்சிளங்குழந்தைக்கு நஞ்சாகலாம். ஈரத்துணி உராய்ந்து புண்ணான இடத்தில் பூசினால் இன்னும் விரைவாக உள்ளே செல்லும்.

இதற்குத் துயரமான சான்று ஒன்று உண்டு. 1972-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் விற்கப்பட்ட ஒரு குழந்தைப் பவுடரில், 'ஹெக்ஸாகுளோரோஃபீன்' என்னும் கிருமிக்கொல்லி தவறுதலாக நூற்றுக்கு ஆறு பங்குக்கு மேல் கலந்துவிட்டது. அது தோல் வழியே சென்று மூளையைத் தாக்கியது. 204 குழந்தைகள் நோயுற்றனர். 36 குழந்தைகள் மாண்டனர். அன்னையர் அன்போடு பூசிய பவுடரே எமனாயிற்று! அக்காலத்தில் அந்த மருந்து சோப்புகளிலும் சாதாரணமாகச் சேர்க்கப்பட்டு வந்தது. அதே ஆண்டில் அமெரிக்க அரசு அதன் பயனுக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. 'கிருமியைக் கொல்லும்' என்ற ஒன்றே குழந்தைக்கு நல்லது என்பதற்குச் சான்றாகாது என்பதை உலகம் அன்று உணர்ந்தது.

கடைப்பொருள்தான் தீயது, வீட்டுப்பொருள் எல்லாம் நல்லது என்று எண்ணுவதும் சரியன்று. சளிக்காகத் தேங்காயெண்ணெயில் கற்பூரம் கரைத்துக் குழந்தையின் மார்பில் தடவுவோர் உண்டு. கற்பூரம் தோல் வழியாகவும் உடலில் சேரும். கைக்குழந்தைக்கு வலிப்பையும் உண்டாக்கும். பெரியவர்களுக்கான வலித்தைலங்களும் ஆகா. கண் மைகள் சிலவற்றில் ஈயம் இருப்பது சோதனைகளில் தெரியவந்துள்ளது. ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பவுடரின் நுண்துகள் மூச்சோடு நுரையீரலுக்குள் போய்த் தொல்லை தரும். வாசனைப் பொருள்கள் சில குழந்தைகளுக்குத் தடிப்பையும் அரிப்பையும் உண்டாக்கும்.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன? பிறந்த குழந்தைக்கு வேண்டியவை மிகச் சிலவே. வெதுவெதுப்பான நீர், தேவையானால் வாசனையற்ற மென்மையான சோப்பு சிறிதளவு, தூய பருத்தித் துணி ஆகியவை போதும். தோல் வறண்டிருந்தால் கலப்படமற்ற தேங்காயெண்ணெய் தடவலாம். பவுடரும் மையும் இன்றியே குழந்தை அழகுதான். கடையில் வாங்கும்போது அட்டையிலுள்ள படத்தைப் பார்ப்பதோடு நில்லாமல், உட்பொருள்களின் பெயர்களையும் காலாவதி நாளையும் படிப்போம். தடிப்போ புண்ணோ கண்டால், கைக்குக் கிடைத்ததைப் பூசாமல் மருத்துவரிடம் காட்டுவோம்.

தனக்கு எரிகிறது என்று சொல்லத் தெரியாத உயிரை இறைவன் நம் கையில் ஒப்படைத்திருக்கிறார். பள்ளியில் கற்ற எழுத்தும் அறிவியலும் அந்தச் சின்னஞ்சிறு மேனியைக் காக்கப் பயன்படட்டும். இன்றே நம் வீட்டு அலமாரியில் உள்ள புட்டிகளை எடுத்துப் படிப்போம். அறிந்ததை அன்னையருக்கும் எடுத்துச் சொல்வோம்.